தரையிலும் பனியிலும் பாய் விரித்த கதை

காற்றின் இயல்பறிந்து அதனைப் பணிகொண்டு கலம் செலுத்தும் கலை தமிழருக்குப் புதிதன்று. வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் கரிகால் வளவனைப் பாடிய புறநானூற்று 66ஆம் பாட்டில், அம்மன்னனின் முன்னோன் ஒருவன் பெருங்கடலில் காற்றை ஆண்டு மரக்கலம் விட்ட பெருமை பேசப்படுகிறது. கடலில் காற்றை ஆண்ட மனிதன் அதே காற்றைத் தரையிலும் ஆள முயன்றானா என்பது பலருக்குத் தோன்றாத கேள்வி. முயன்றான், வெற்றியும் கண்டான். சக்கரம் பூட்டிய வண்டியிலும், இரும்புக் கத்திகளின் மேல் நிறுத்திய பலகையிலும் பாய் கட்டி, மணலிலும் உறைந்த ஆற்றிலும் அவன் ஓடிய வரலாறு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

ஈப்போவிலோ தைப்பிங்கிலோ வாழ்கிறவருக்கு உறைந்த ஆறு கதையில் வரும் பொருள். ஆயினும் இவ்வரலாறு அவருக்கு முற்றிலும் அயலானதன்று. இதன் தொடக்கம் சீனத் தச்சரின் பட்டறையில் உள்ளது. நடுவே சிங்கப்பூர்க் கடலில் பிடிபட்ட கப்பல் ஒன்று தலைகாட்டுகிறது. இதன் உட்பொருளைத் தெளிவிக்கும் கருவியோ பாக்கு நீரிணையில் மீன் பிடித்த தமிழரின் தோணியில் இருக்கிறது.

சீனத்துப் பாய்வண்டி

சீனாவில் லியாங் மரபைச் சேர்ந்த யுவான் பேரரசர் 552 முதல் 554 வரை ஆண்டவர். கல்வியில் நாட்டமுடைய அவர் எழுதிய நூலொன்றில், காற்றால் இயங்கி முப்பது பேரைச் சுமந்து சென்ற வண்டியைப் பற்றிய குறிப்புக் காணப்படுகிறது. தரையில் பாய் விரித்ததற்கு அறியப்பட்ட பழைய சான்றுகளுள் இஃது ஒன்று.

அரசனுக்காகச் செய்த வண்டி ஒருபுறமிருக்க, ஏழைத் தொழிலாளி தன் பிழைப்புக்காகக் கட்டிய பாய்வண்டியே நீடித்து நின்றது. சீனத்து ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் சக்கரம் முன்னால் இராது, நடுவில் இருக்கும். சுமை சக்கரத்தின் இருபுறமும் சமனாக ஏற்றப்படும். ஆகவே பாரம் முழுவதையும் சக்கரமே தாங்கும். தள்ளுகிறவன் வண்டி சாயாமல் பிடித்து நடந்தால் போதும். திறந்த வெளியில் பின்காற்று வீசும்போது அவன் வண்டியின் மீது சிறு கழி நட்டு, பாயோ துணியோ கட்டிவிடுவான். காற்றும் அவனோடு சேர்ந்து தள்ளும்.

டச்சுத் தூதுக் குழுவுடன் 1794, 1795ஆம் ஆண்டுகளில் சீனா சென்ற வான் பிராம் என்பவர் இத்தகைய வண்டிகளை நேரில் கண்டு எழுதினார். ஏதோ ஒரு கந்தலைக் கட்டிவைத்ததாக அவர் கூறவில்லை. படகில் உள்ளதுபோலவே பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் கயிறுகள் அமைந்திருந்தன என்பது அவர் வியந்து குறித்த செய்தி. கடலில் கற்ற கலையைச் சீனத் தொழிலாளி முழுமையாகவே தரைக்குக் கொண்டு வந்திருந்தான் என்பது இதனால் விளங்கும்.

இவ்வண்டிகளின் புகழ் அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்னரே ஐரோப்பாவை எட்டியிருந்தது. ஆர்ட்டீலியஸ் 1584இல் வெளியிட்ட சீன நாட்டுப் படத்தில் பாய் விரித்த வண்டிகள் வரையப்பட்டுள்ளன. 1585இல் வெளிவந்த மெண்டோசாவின் சீன வரலாற்று நூலும் அவற்றைப் பேசுகிறது. ஆங்கிலக் கவிஞர் மில்ட்டன் 1667இல் வெளியிட்ட தம் பெருங்காப்பியத்தில், காற்றாலும் பாயாலும் சீனர் ஓட்டும் வண்டியை உவமையாக எடுத்தாள்கிறார். கேள்விப்பட்ட அதிசயம் படத்தில் ஏறி, பின் காப்பியத்திலும் ஏறிவிட்டது.

ஹாலந்துக் கடற்கரையில்

1548இல் புரூஜ் நகரில் பிறந்த சைமன் ஸ்டெவின் பெரும் கணித மேதை. தசம பின்னத்தை ஐரோப்பிய மக்களின் அன்றாடக் கணக்குக்குக் கொண்டுவந்த 1585ஆம் ஆண்டு நூல் அவருடையது. ஹாலந்தின் படைத் தலைவரான மாரிஸ் இளவரசருக்கு அவர் ஆசானாகவும் பொறியியல் வல்லுநராகவும் விளங்கினார். 1600ஆம் ஆண்டையடுத்து அவர் இளவரசருக்காக நான்கு சக்கரப் பாய்வண்டி ஒன்றைச் செய்வித்தார். ஸ்கேவனிங்கன் கடற்கரையிலிருந்து பெட்டன் என்னும் ஊர்வரை, ஈர மணலின் மீது, இருபத்தெட்டுப் பேருடன் அவ்வண்டி ஓடியது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவை அது இரண்டு மணி நேரத்தில் கடந்ததாகக் கூறுவர். குதிரையைவிட வேகமான ஊர்தியை மனிதன் அறியாத காலம் அது. அதிலும் குதிரை இரண்டு மணி நேரம் ஒரே பாய்ச்சலாக ஓடாது.

அவ்வண்டியில் பயணம் செய்தவருள் இருபது வயதும் நிரம்பாத ஓர் இளைஞர் இருந்தார். அவர் பெயர் ஹியூகோ குரோஷியஸ். அந்த ஓட்டத்தைப் புகழ்ந்து அவர் இலத்தீன் மொழியில் பாடல்களும் இயற்றினார். சில ஆண்டுகளில் அவர் புகழ் வேறொரு துறையில் பரவியது. 1603ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், சிங்கப்பூரை அடுத்த ஜொகூர்க் கடற்பரப்பில், சாந்தா காத்தரீனா என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுக்காரர் கைப்பற்றினர். அச்செயலுக்குச் சட்ட நியாயம் கூறும்படி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி குரோஷியஸைக் கேட்டுக்கொண்டது. அவர் எழுதிய வாதத்தின் ஒரு பகுதியே கடல் யாவர்க்கும் பொது என்று முழங்கிய 1609ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. அனைத்துலகச் சட்டத்தின் முன்னோடியாக மதிக்கப்படும் அறிஞர், மலாய்க் கடலைப் பற்றி வழக்காடுமுன் மணலில் பாய்வண்டி ஏறி மகிழ்ந்தவர் என்பது சுவையான செய்தி.

ஸ்டெவினின் வண்டி செதுக்குப் படமாக அச்சிடப்பட்டு நாடெங்கும் பரவியது. பாய்வண்டி என்றால் ஸ்டெவின் பெயரைச் சொல்வதே வழக்கமாயிற்று. சீன வண்டியின் செய்தி ஐரோப்பிய நூல்களில் ஏறிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே ஸ்டெவினின் வண்டி ஓடியது என்னும் கால வரிசையை எண்ணிப் பார்த்தவர் சிலரே. இருபதாம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் ஜோசப் நீடாம், சீனத்து அறிவியலைப் பற்றிய தம் பெருநூலின் 1965ஆம் ஆண்டுத் தொகுதியில், இவ்வண்டிகளின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து சீனத் தச்சருக்குரிய இடத்தை நிலைநாட்டினார். ஸ்டெவினின் பெருமை இதனால் குறையவில்லை. ஆனால் பெயர் எழுதிவைத்தவனுக்கு மட்டுமே புகழ் சேரும் என்னும் பாடம் இங்கே கிடைக்கிறது.

தண்டவாளத்தில் பாய்

நீராவி இயந்திரம் இரயில் வண்டியை இழுப்பது உறுதிப்படுமுன், காற்றே அதனை இழுக்கட்டும் என்று எண்ணியவர் உண்டு. அமெரிக்காவில் 1830ஆம் ஆண்டு தென் கரோலினாவிலும் பால்ட்டிமோரிலும் பாய் கட்டிய வண்டிகள் தண்டவாளத்தில் ஓடின. தென் கரோலினாவில் பதினைந்து பேரை ஏற்றிய வண்டி மணிக்கு 12 முதல் 14 மைல் வேகத்தில் சென்றது. திடீரெனப் பாய்மரம் முறிந்து விழ, சிலர் அதனோடு சேர்ந்து கீழே விழுந்தனர். தண்டவாளத்தின் திசை மாறாது. காற்றின் திசையோ மாறிக்கொண்டே இருக்கும். இம்முரண்பாட்டால் அம்முயற்சி நிலைக்கவில்லை.

எனினும் காற்று ஓயாத இடத்தில் அது பயன்பட்டது. தென் அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாக்லாந்துத் தீவில் 1915, 1916ஆம் ஆண்டுகளில் நிலக்கரி கொண்டு செல்லச் சிறு இரயில் பாதை ஒன்று போடப்பட்டது. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர்கள் தள்ளு டிராலியில் பாய் கட்டி ஓட்டிச் சென்றனர். மட்டக் குதிரைபோல் சிறிய இரயில் பாதைகளைத் தோட்டங்களில் கண்ட பேராக் மக்களுக்கு அக்காட்சியை மனத்தில் வரைந்துகொள்வது எளிது.

பனியாற்றின் வேகம்

பாய்வண்டியின் உண்மையான ஆற்றல் வெளிப்பட்டது பனிக்கட்டியின் மேல்தான். ஹாலந்து மக்கள் கால்வாய்கள் உறையும்போது தங்கள் படகுகளுக்கு அடியில் சறுக்குக் கத்திகளைப் பொருத்தி ஓட்டினர். அவ்வழக்கம் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றங்கரையில் வளர்ந்து, 1861இல் போக்கிப்சி நகரில் பனிப்படகுக் கழகம் ஒன்று தோன்றியது. பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டின் சிற்றப்பா ஜான் ரூஸ்வெல்ட் வைத்திருந்த 'ஐசிக்கிள்' என்னும் படகு சுமார் 69 அடி நீளமும் ஆயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட பாயும் உடையது. 1871இல் ஆற்றங்கரைப் பாதையில் சென்ற சிக்காகோ விரைவு இரயிலுடன் போட்டியிட்டு அப்படகு முந்தியது. நீராவியின் பொற்காலத்தில் நிலக்கரி ஒரு துண்டும் எரிக்காத மரப்படகு இரயிலை வென்றது.

காற்றைவிட விரைவது எப்படி?

இங்கே ஓர் ஐயம் எழும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தான் தள்ளும் வண்டியை 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட முடியுமா? காற்று போகும் திசையிலேயே வண்டி சென்றால் முடியாது. வண்டியும் காற்றும் ஒரே வேகத்தை அடைந்தவுடன் பாயில் காற்றே படாது. ஸ்டெவின் காலத்து வண்டியின் எல்லை இதுவே.

காற்றுக்குக் குறுக்கே சென்றால் கதை வேறு. சைக்கிளில் விரைந்து செல்பவன் முகத்தில், காற்றே வீசாத நாளிலும் எதிர்காற்று மோதுகிறதல்லவா? அதுபோல, ஓடும் வண்டி தன் ஓட்டத்தாலேயே ஓர் எதிர்காற்றை உண்டாக்குகிறது. பக்கவாட்டில் வீசும் இயற்கைக் காற்றும் இந்த எதிர்காற்றும் கலந்தே பாயில் படுகின்றன. பக்கக் காற்று 20 கிலோமீட்டர், வண்டியின் வேகமும் 20 கிலோமீட்டர் என்றால், பாய் உணரும் காற்று ஏறக்குறைய 28. வண்டி 40ஐ எட்டினால் பாய் உணர்வது சுமார் 45. வண்டி விரைய விரையப் பாய் உணரும் காற்றும் வலுக்கிறது. அது மேலும் விரைகிறது.

அப்படியானால் வேகத்துக்கு எல்லையே இல்லையா? உண்டு. வேகம் கூடக்கூட அந்தக் கலப்புக் காற்று வண்டியின் முன்புறமாகவே திரும்பிக்கொள்ளும். அப்போது பாயை இழுத்துத் தட்டையாக்கி, பறவையின் இறகுபோல் மெல்லிய வளைவுடன் நிறுத்த வேண்டும். உராய்வும் காற்றின் தடையும் முன்னிழுக்கும் விசைக்கு ஈடாகும் இடத்தில் வேகம் நின்றுவிடும். நீர் படகைப் பிடித்து இழுக்கும். மணல் சக்கரத்தைச் சற்றுத் தடுக்கும். பனிக்கட்டியோ கத்தியை அநேகமாகத் தடுப்பதே இல்லை. ஆகவேதான் பனிப்படகு இரயிலை முந்தியது.

காய்ந்து இறுகிய ஏரிப் படுகைகளில் தரை வண்டிகளும் இன்று வியத்தகு வேகம் காண்கின்றன. 2009இல் அமெரிக்காவின் இவான்பா உலர் ஏரியில் ரிச்சர்ட் ஜென்கின்ஸ் மணிக்கு 202.9 கிலோமீட்டர் ஓட்டினார். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கேர்ட்னர் உப்பேரியில் கிளென் ஆஷ்பி 222.4 கிலோமீட்டரை எட்டினார். அன்று வீசிய காற்றின் வேகம் 40 கிலோமீட்டர் அளவே.

வீட்டுப் பட்டறையில் பிறந்த படகு

செல்வர்களின் விளையாட்டாயிருந்த பனிப்படகைச் சாதாரண மனிதனின் கைக்குக் கொண்டுவந்த பெருமை ஒரு செய்தித்தாளைச் சாரும். பொருளாதார மந்தத்தின் பிடி முற்றும் தளராத 1937ஆம் ஆண்டை ஒட்டி, டெட்ராய்ட் நியூஸ் நாளிதழ் தன் பொழுதுபோக்குப் பட்டறையில் ஒரு சிறு பனிப்படகை வடிவமைத்தது. நீளம் 12 அடி. குறுக்குப் பலகை 8 அடி. பாய் 60 சதுர அடி. மரமும் சில இரும்புத் துண்டுகளும் எளிய கருவிகளும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அந்தப் பத்திரிகையின் பெயரின் முதலெழுத்துகளால் 'டி. என்.' என்று அழைக்கப்படும் அவ்வகைப் படகு வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாயிரம் கைகளால் கட்டப்பட்டது.

கட்டுவது பாதி வேலை, இசைவிப்பது மறுபாதி. மத்தளத்துக்கு வார் இழுத்துச் சுருதி சேர்ப்பதுபோல, இப்படகின் ஒவ்வோர் உறுப்பையும் மற்றொன்றோடு பொருந்தச் செய்ய வேண்டும். பின்னுள்ள இரு கத்திகளும் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். ஒன்று சற்றுக் கோணினாலும் அது பனியைச் சீவிக்கொண்டு போகும், வேகம் பாழாகும். கத்தியின் விளிம்பைக் கூராகத் தீட்ட வேண்டும். மழுங்கினால் படகு பக்கவாட்டில் வழுக்கும். தரை வண்டியில் இதே கவனம் சக்கரங்களுக்கு வேண்டும். அவை நேர்கோட்டில் நின்று தடையின்றிச் சுழல வேண்டும். இளகிய மணலுக்கு அகன்ற சக்கரமும் இறுகிய தரைக்கு ஒடுங்கிய சக்கரமும் ஏற்றவை.

குறுக்குப் பலகையின் வளைவு மிக நுட்பமானது. ஓட்டுபவனின் எடைக்கேற்ப அது வில்போல் வளைந்து கொடுக்க வேண்டும். மிக விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு மேடும் படகை உதறும்; மிகத் தளர்ந்திருந்தால் விசை வீணாகும். ஆகவே கனத்த ஆளுக்கு ஏற்ற பலகை மெலிந்த ஆளுக்கு உதவாது. பாய்மரமும் அவ்வாறே. பாய்க்கயிற்றைக் கப்பிகள் வழியே இறுக்கும்போது பாய்மரம் பின்சாய்ந்து வளைகிறது, பாய் தட்டையாகிறது. மென்காற்றில் பாய்க்குச் சற்று வயிறு வேண்டும். வன்காற்றில் வயிறு ஒட்ட வேண்டும். இவற்றை அளவுகோல் ஓரளவே காட்டும். எஞ்சியதைக் கயிற்றைப் பிடித்த கையும் பலகையில் படுத்த முதுகும் உணர வேண்டும்.

பாக்கு நீரிணையின் சமன் பலகை

காற்று வலுத்தால் பனிப்படகின் ஒரு பக்கக் கத்தி பனியைவிட்டு மேலெழும். தரை வண்டியின் ஒரு பக்கச் சக்கரமும் அப்படியே. கவிழாமல் காப்பது காற்று வரும் பக்கம் நீண்டிருக்கும் குறுக்குப் பலகையும் அதன் மேல் விழும் எடையும். இத்தத்துவத்தைத் தமிழ்க் கடலோடிகள் தம் அன்றாடத் தொழிலாகவே கையாண்டனர்.

சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். பாக்கு நீரிணைப் பகுதியின் பாய்த்தோணிகளில் படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்று வைக்கப்பட்டிருந்ததை அவர் பதிவு செய்துள்ளார். காற்று வலுக்கும்போது, காற்று வரும் பக்கமாக அப்பலகை வெளியே நீண்டிருக்க, ஆட்கள் அதன் மீது சென்று அமர்வர். காற்று இன்னும் ஓங்கினால் இன்னும் தள்ளி அமர்வர். தணிந்தால் உள்ளே வருவர். மனித எடையே தராசின் படிக்கல்லாகிப் பாயின் விசைக்கு ஈடு செய்தது. கச்சான், சோளகம், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயரிட்டு, அவற்றின் குணமறிந்த மக்கள் அவர்கள். கணக்குப் புத்தகம் காணாமலே அக்கணக்கை உடலால் போட்டனர்.

டெட்ராய்ட் பட்டறையின் எட்டடிப் பலகையும் பாக்கு நீரிணையின் சமன் பலகையும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. ஆயினும் முன்னதன் வரைபடம் அச்சேறி உலகைச் சுற்றியது. பின்னதைச் செய்த தச்சனின் பெயரும் இல்லை, அளவும் இல்லை. அயல்நாட்டு அறிஞர் ஒருவர் எழுதிவைத்ததால் செய்தியாவது எஞ்சியது.

பேராக்குக்கு உரிய பாடம்

பேராக்கில் பாய்வண்டி தோன்றாததற்குக் காரணம் வெளிப்படை. கிந்தா பள்ளத்தாக்கைக் கிழக்கே நடுமலைத் தொடரும் மேற்கே கிளேடாங் மலையும் காக்கின்றன. தடையின்றிப் பரந்த சமவெளி இல்லை. நிலைத்து வீசும் வன்காற்றும் இல்லை. மலாக்கா நீரிணைக் கரையில் 'சுமத்ரா' என்னும் திடீர்க் காற்று வைகறையில் சீறி அடங்கும். அதை நம்பி வண்டி கட்ட இயலாது.

காற்று இல்லாவிடினும் கைவினை இருந்தது. லாருட்டின் ஈயச் சுரங்கங்களில் தேங்கிய நீரை இறைக்கச் சீனத் தொழிலாளர்கள் மரத்தாலான சங்கிலி இறைவையைக் கட்டினர். நீரோட்டத்தால் சுழலும் சக்கரம், சரிந்த மரத் தொட்டியின் வழியே பலகைகள் கோத்த சங்கிலியை இழுத்து நீரை மேலேற்றியது. பாய் கட்டிய தள்ளுவண்டியைப் படைத்த அதே கைமரபு அது. தமிழ்த் தொழிலாளருக்கும் அவர்க்குரிய நுட்பம் உண்டு. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுத்த கைப்பக்குவம், மேடு பள்ளத்தில் பால் தளும்பாமல் இரு வாளிகளைச் சமன் செய்து சுமந்த தோள், கிடைத்த பலகையிலும் பழைய பேரிங்கிலும் பிள்ளைகள் செய்து ஓட்டிய வண்டி ஆகியவற்றை யாரும் அளந்து வரைந்து வைத்தது அரிது.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அத்தொழிலைச் செய்த கைகள் முதுமை அடைந்துவிட்டன. பள்ளி மாணவன் ஒருவன் தன் பாட்டியிடம் பால் வெட்டும் உளியின் வளைவு ஏன் அப்படி இருந்தது என்று கேட்டு, அதனை அளந்து, படம் வரைந்து, அவர் பெயரையும் அடியில் எழுதிவைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. சீனத் தச்சனுக்கு ஒரு நீடாம் கிடைக்க ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஆயின. பேராக்கின் தொழிலாளி அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை; எழுதத் தெரிந்த பிள்ளைகள் அவர் வீட்டிலேயே இருக்கிறார்கள்.